தேய்பிறை முகூர்த்தத்துக்கு ஒரு பச்சை விளக்கு

செய்யிறதையும் செஞ்சுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி வந்து நிக்கிறீங்க பாருங்க சார், அதைத்தான் என்னால தாங்க முடியல. என் மக கல்யாணத்தை நிறுத்தினது நீங்க. நிலாவைச் சுத்துதே உங்க மிஷின், அதுவும் நீங்களும் சேர்ந்து நிறுத்தினீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், அதுல மாப்பிள்ளையோட பெரியப்பா துண்டு போட்டு வெச்சிருக்காரு. எடுத்தா அதுக்கு ஒரு பஞ்சாயத்து கூடும். இப்படி வாங்க.

வாட்ச்சைப் பாக்காதீங்க. மெட்ராஸ்லேருந்து கார்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, நான் சொல்றதைக் கொஞ்ச நேரம் கேட்டா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. நிலா எங்கயும் ஓடல. அந்தா, மேற்கால, வேலி மரத்துக்கு மேல வெளுத்துப்போய் நிக்குது பாருங்க.

என் பேர் பேச்சிமுத்து. கேட்டில பெரிசா எழுதியிருக்கே வெள்ளத்தாய் மஹால்னு, வெள்ளத்தாய் என் வீட்டுக்காரி. நான் வத்தல் மண்டியில மூட்டை தூக்கினவன் சார். மூட்டை தூக்கி, தரகு பாத்து, மண்டி வெச்சு, இந்தக் கரிசக்காட்டுல ஓணான் கூடக் குடியிருக்காத இடத்தை வாங்கி இந்த மண்டபத்தைக் கட்டினேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்து வரல. ஆனா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியைப் பாத்து, இவன் எவ்வளவு தூரம் இறங்குவான்னு சொல்லிடுவேன். உங்க மூஞ்சி இறங்கிக்கிட்டுதான் இருக்கு.

பக்கத்துக் காட்டுல உங்க கம்பெனி அந்தப் பெரிய ஆன்டெனா தட்டைக் கொண்டாந்து நட்டப்ப நான் ஒரு வார்த்தை பேசினேனா? பேசல. ஏதோ டிவிக்காரங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் முகூர்த்தத்துல உங்க ஆபீஸ் பொண்ணு ஜெசிந்தா, மூச்சு வாங்க சுவரைத் தாண்டி வருது.

"அண்ணாச்சி, உங்க வீடியோக்காரரு ஒயர்லெஸ்ஸுல படம் அனுப்புறாரே, அதைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க. எங்க விண்கலம் பேசுறது கேக்க மாட்டேங்குது."

"எது பேசுது?"

"நிலாவைச் சுத்திக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. நிலாவுக்குப் பின்னாடி போயிரும், மறுபடி வெளிய வரும். வெளிய வந்ததும் அது அனுப்புற சிக்னலை நாங்க பிடிக்கணும். ரொம்ப மெல்லிசா வரும்."

"சத்தமாப் பேசச் சொல்லு."

"அதுக்கு அவ்வளவுதான் சக்தி."

"சரி, ஒரு அரை மணி நேரம் கழிச்சு வரச் சொல்லும்மா. தாலி கட்டி முடிச்சிருவோம்."

"அது நிக்காது அண்ணாச்சி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்திக்கிட்டே இருக்கும்."

"ஓட்டுறவன்கிட்ட சொல்லு."

"அதுல ஆளே இல்ல."

ஆள் இல்லாத வண்டிக்கு இவ்வளவு திமிரான்னு எனக்கு வந்தது பாருங்க கோபம்! கத்தினேன். ஜெசிந்தா பதிலுக்குக் கத்தல. தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு, கை ரெண்டையும் கட்டிக்கிட்டு நின்னுச்சு. "வந்து பாருங்க அண்ணாச்சி"ன்னு உள்ள கூட்டிட்டுப் போச்சு. நாலு டிவி இருந்துச்சு. ஒண்ணுல படுத்த மாதிரி ஒரு கோடு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எனக்குக் கொட்டாவி வந்துச்சு. திடீர்னு அந்தக் கோடு நட்டுக்கிட்டு எந்திரிச்சுது. சுவர்ல ஒரு பச்சை விளக்கு எரிஞ்சுது. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்கணுமே சார், பிரசவ வார்டு வாசல்ல பிள்ளை அழுகைச் சத்தம் கேட்ட மாதிரி.

எனக்கு அங்கேயே யாவாரம் தோணிருச்சு.

கேளுங்க. வளர்பிறை முகூர்த்தத்துக்கு மண்டபம் கேட்டு அடிச்சுக்கிட்டு வருவாங்க. தேய்பிறைன்னா ஈ ஓட்டணும். ஆனா தேய்பிறையிலதான் காலையில முகூர்த்த நேரத்துக்கு நிலா மேற்கால நிக்குது. வளர்பிறையில அந்நேரத்துக்கு அது உதிக்கவே உதிக்காது. இது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஆனா அதுல சரக்கு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஜெசிந்தாகிட்ட சொன்னேன்: "உங்க வண்டி வெளிய வர்ற நேரத்துக்கு என் மண்டபத்துல ஒயர்லெஸ் எல்லாத்தையும் அணைக்கிறேன். பதிலுக்கு இந்தப் பச்சை விளக்கு மாதிரி இன்னொண்ணு என் மணமேடையில எரியணும். இங்கருந்து ஒரு ஒயர் இழு."

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"அது என் பாடு."

அது பெரிய இடத்துல கேக்கணும்னுச்சு. கேட்டுச்சு. போன்ல "ஒரு விளக்குதானே, கொடுத்துட்டுப் போ"ன்னு சொன்னது யாரு சார்? நீங்கதானே? தலையை ஆட்டுறீங்களே, அதை நான் குறிச்சு வெச்சுக்கிறேன்.

அப்புறம் பாருங்க. தேய்பிறைன்னு தயங்கி வந்தவங்களை எல்லாம் உக்கார வெச்சுப் பேசினேன். "ஊருல அக்கினி சாட்சியாக் கல்யாணம் பண்ணுவான். இங்க அக்கினியும் சாட்சி, அந்தச் சந்திரனும் சாட்சி. சந்திரனுக்குப் பின்னாடி போன வண்டி திரும்பி வந்து நல்லாயிருங்கன்னு சொல்லும். அந்த நிமிஷம் தாலி." அய்யர் முதல்ல முறைச்சாரு. ரெண்டு கல்யாணம் முடிஞ்சதும் அவரே விளக்கைப் பாத்துத்தான் கையைத் தூக்கினாரு. நாதஸ்வரக்காரரு கண்ணு விளக்குல, தவில்காரரு கண்ணு விளக்குல. பச்சை எரிஞ்சதும் கெட்டிமேளம் பாருங்க, கூரை தூக்கும். வண்டி முகூர்த்த நேரத்துக்குள்ள வராத நாளை நான் புக் பண்றதே இல்ல. ஜெசிந்தா நேரம் சொல்லிரும். கல்யாணம் பேச வர்றவங்க ஜாதகத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி "வண்டி எத்தனை மணிக்கு வருது அண்ணாச்சி"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப என் மக கதைக்கு வர்றேன். பொற்கொடி. ஒரே மக. மாப்பிள்ளை சரவணபெருமாள், கோவில்பட்டியில மாட்டு டாக்டர். தங்கமான பையன், வாயே திறக்க மாட்டான். அவனுக்கும் சேத்து அவன் தாய்மாமன் பேசுவாரு. தவசிலிங்கம், தீப்பெட்டி ஆபீஸ் வெச்சிருக்காரு. சார், நான் எத்தனையோ ஆளைப் பாத்திருக்கேன். அந்த ஆளுகிட்ட ஒரு தேங்காய் கொடுத்தாக்கூட ஆட்டிப் பாத்து, தட்டிப் பாத்து, கண்ணை எண்ணிப் பாத்துத்தான் வாங்குவாரு. எனக்கு ஏத்த ஆள்.

என் மண்டபத்துல வளர்பிறை பூராவும் வெளியாளுங்களுக்குக் கொடுத்தாச்சு. வாக்குக் கொடுத்ததை மாத்த முடியுமா? என் மகளுக்கு இன்னொருத்தன் மண்டபத்துல கல்யாணம் பண்ணவா நான் மண்டபம் கட்டினேன்? பௌர்ணமி முடிஞ்ச கையோட ஒரு தேய்பிறை முகூர்த்தம் சொன்னேன். தவசிலிங்கம் வெத்தலையைக் கீழ வெச்சுட்டாரு.

"தேய்பிறையிலயா எங்க வீட்டுக்கு விளக்கேத்த வருது உங்க பொண்ணு?"

"நம்ம மஹால்ல அது கணக்குல வராது சம்பந்தி. பச்சை விளக்கு எரியும்."

"எரிஞ்சா தாலி. எரியலைன்னா?"

"எரியாம எங்க போயிரும்?"

"அதை எல்லாரு முன்னாடியும் சொல்லும்."

சொன்னேன் சார். சபையில, மைக்கைப் பிடிச்சு, "விளக்கு எரிஞ்சாத்தான் தாலி"ன்னு சொன்னேன். ஏன் சொல்ல மாட்டேன்? உங்க மிஷினை நம்பிச் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். நிலா கிழக்கால தேங்காய்த் தட்டு கணக்கா எந்திரிக்குது. கிரேன் கேமரா வரவழைச்சிருந்தேன், கூட்டத்துக்கு மேல பறந்து பறந்து எடுக்கும், அப்படியே ஒயர்லெஸ்ஸுல வெளிய பெரிய எல்இடி திரையில தெரியும். ஜெசிந்தா சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கையைக் கையை ஆட்டுது. "அண்ணாச்சி, இன்னிக்கு விண்கலத்தை வேற பக்கம் திருப்புறோம், ஒயர்லெஸ்ஸை அணைங்க!" நான் மேடையில மாலையோட நிக்கிறேன். "திருப்புங்க, யாரு வேணாம்னா!"ன்னு சொல்லிட்டேன். ஒரு நாள், வீட்டு விசேஷம். அடுத்தவன் பிள்ளை கல்யாணத்துக்கெல்லாம் அணைச்சேன், என் பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு பொழுது அது ஓடக் கூடாதா? நியாயம் சொல்லுங்க.

அது ஒரு பெரிய விஷயமே இல்ல, அதை விடுங்க.

விடிஞ்சுது. பொண்ணும் மாப்பிள்ளையும் மணையில. மந்திரம் முடிஞ்சுது. தாலி தட்டுல ஊரெல்லாம் சுத்தி ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்திருச்சு. அத்தனை கண்ணும் விளக்குல. வரவேண்டிய நேரம் வந்துச்சு. விளக்கு எரியல. அய்யர் ஒரு மந்திரத்தைத் திரும்பச் சொன்னாரு. எரியல. நாதஸ்வரக்காரரு வாயில வெச்ச குழலை எடுக்காம நிக்கிறாரு, கண்ணு பிதுங்குது. எரியல. முகூர்த்தம் முடிஞ்சு போச்சு சார்.

தவசிலிங்கம் எந்திரிச்சாரு. "சந்திரனுக்குப் பின்னாடி போனது திரும்பல. எழுந்திருப்பா சரவணா."

நான் சுவரேறிக் குதிச்சேன். பட்டு வேட்டி கிழிஞ்சுது. உள்ள ஜெசிந்தா நாலு நாள் தூங்காதவ மாதிரி உக்காந்திருக்கு. கோடு படுத்தே கிடக்கு.

"சும்மா அந்தச் சுவிட்சைப் போடும்மா!"

"மாட்டேன் அண்ணாச்சி."

"ஒரு சுவிட்சும்மா! என் மக மணையில உக்காந்திருக்கா!"

"தெரியும். எனக்கும் அழுகைதான் வருது. ஆனா சிக்னல் வராம இந்த விளக்கு எரிஞ்சா, அப்புறம் வந்து எரிஞ்சாலும் நான் நம்ப மாட்டேன்."

இப்படிப் பிடிவாதக்காரியை வேலைக்கு வெச்சிருக்கீங்க. நாளைக்கு நீங்க எப்படி நாலு பேருகிட்ட யாவாரம் பண்ணுவீங்க?

என்ன நடந்துச்சுன்னு என் மகதான் கேட்டுவந்து சொன்னா. முந்தின சாயங்காலம் வண்டியைத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டிருக்காங்க. அது திரும்பிருச்சு. திரும்பிட்டேன்னு சொல்லியும் இருக்கு. அது சொன்னது இங்க கேக்கல. கேக்காததால, திரும்பலையோன்னு நெனச்சு மறுபடியும் திரும்புன்னு சொல்லியிருக்காங்க. அது மறுபடியும் திரும்பிருச்சு. பந்தியில சாம்பாருன்னு ஒரு தடவை கேட்டு, அவன் ஊத்தினது தெரியாம இன்னொரு தடவை கேட்டா, இலை வழிய ஊத்திட்டுப் போவான்ல, அந்த மாதிரி. இப்ப அது நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. சூரியனுக்கும் முதுகு, பேட்டரி ஏற வெயில் படாது.

"ஏன் ரெண்டு தடவை சொன்னீங்க? என்ன படிப்புப் படிச்சீங்க?"ன்னு ஜெசிந்தாவை ஒரு பிடி பிடிச்சேன். அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

வெள்ளத்தாய் சும்மா இருப்பாளா? "நீரு திட்டின திட்டுக்கு அது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. எங்க வீட்டாளுங்க மாதிரி அதுக்கும் ரோசம் இருக்கும்ல"ன்னா. அடுப்படியில நின்னுக்கிட்டு எல்லாரும் சிரிக்கிறாளுக.

தவசிலிங்கத்தைக் காரை எடுக்க விடாம நான் கேட்டுக்குக் குறுக்க நின்னேன். மாப்பிள்ளையும் எந்திரிக்கல சார், அதைச் சொல்லணும். மணையிலேயே உக்காந்துட்டான். கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். விளக்கு எரியிற வரைக்கும் ரெண்டு வீடும் மண்டபத்தை விட்டு அசையிறதில்ல. எரிஞ்ச நிமிஷம் தாலி. முகூர்த்தத்தை அய்யர் எப்படியாவது பாத்துக்குவாரு. அன்னிக்கிருந்து அத்தனை பேரும் இங்கதான். வேளைக்கு வேளை பந்தி. சமையல்காரரு நேத்து என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, எனக்கும் வீடு வாசல் இருக்கு"ங்கிறாரு.

ஆனா தவசிலிங்கம் லேசுப்பட்ட ஆளா? "நீரும் அந்தப் பொண்ணும் பேசி வெச்சுக்கிட்டு விளக்கைப் போட்டா எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோட்டை நான் கண்ணால பாக்கணும்"ங்கிறாரு. உங்க ஆபீசுக்குள்ள அவரை விட எனக்கு இஷ்டமில்ல. யோசிச்சேன். என் காம்பவுண்டு சுவர் மேல, உங்க ஜன்னலுக்கு நேரா ஒரு கேமராவைக் கட்டினேன். என் சுவர், என் கேமரா, யாரும் கேக்க முடியாது. படத்தைத் திரைக்கு அனுப்புற ஒயர்லெஸ் பெட்டியை உங்க தட்டுக்கு அடியில வர்ற மாதிரி வெச்சேன், அங்கதான் நல்லா எடுக்குது. இப்ப கோடு நேரா எல்இடி திரையில தெரியுது.

வரும்போது பாத்தீங்கள்ல, கூட்டம் திரைக்கு முன்னாடி உக்காந்திருக்கிறதை? காலையில பல் விளக்கிட்டு வந்து உக்காந்துடுறாங்க. கோடு லேசா நெளிஞ்சா கைதட்டு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, "இன்னிக்குக் கோடு நேத்தைவிடத் தெளிவாப் படுத்திருக்கு"ன்னு சொல்றா. நெளியிறதெல்லாம் நம்ம ஒயர்லெஸ்ஸோட நெளிசல்னு ஜெசிந்தா சொல்லிவிட்டுச்சு. அதை நான் கூட்டத்துல சொல்லல. எதுக்கு, சந்தோஷமா இருக்காங்க.

என் மக இதுல ஒரு வேலை பண்ணிக்கிட்டு இருக்கா. பட்டுப்புடவையை மடிச்சு வெச்சுட்டு, தூக்குச்சட்டியில பாயசம் எடுத்துக்கிட்டுப் போய் ஜெசிந்தா பக்கத்துல உக்காந்திருக்கா. மாப்பிள்ளையும் ஜன்னலுக்கு வெளிய நின்னு ரெண்டு பேர்கிட்டயும் ஏதோ கேக்கிறான். வாயே திறக்காத பையன் சார்! நேத்து எங்கிட்ட வந்து ரெண்டு பேருமா நின்னாங்க.

"அப்பா, அந்த ஒயர்லெஸ்ஸை அணைங்கப்பா. அது கத்துற கத்துல விண்கலம் பேசினாலும் கேக்காதாம்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அணைச்சா தவசிலிங்கம் என்ன சொல்லுவாருன்னு தெரியுமா? மறைச்சு வெச்சு விளக்கைப் போட்டுட்டான்னு சொல்லுவாரு."

"மாமா, அவரை ஜெசிந்தா பக்கத்துலேயே உக்கார வெச்சுட்டா?"ன்னு மாப்பிள்ளை கேக்கிறான்.

"மாப்பிள்ளை, நீங்க மாட்டைப் பாருங்க. இது மனுஷங்க விவகாரம்"னு அனுப்பிட்டேன். தவசிலிங்கம் உள்ள போய் உக்காந்தா என் பிடி என்ன ஆகும்? அப்புறம் எந்திரிச்சு வரவே மாட்டாரு. அந்தக் கோட்டுக்கும் பேரம் பேச ஆரம்பிச்சிருவாரு.

காப்பியைக் குடிங்க, ஆறுது.

இப்ப நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. அதோட பேட்டரி இன்னிக்கோட தீந்து போயிரும். நிலா மேற்கால இறங்கிறதுக்குள்ள, அது வெளிய வர்ற இந்தக் கடைசிச் சுத்துல, சத்தமா ஒரு உத்தரவு போட்டு, அது முனகுறதைக் கேட்டு, திருப்பிரலாம். அதுக்கு என் பெட்டியை அணைக்கணும். ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக் கூடாது. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க? கேமராவுக்கு ஒயர்லெஸ்ஸுக்குப் பதிலா ஒயர் போட்டுத் தர்றேங்கிறீங்க, சந்தோஷம். ஒயர் இழுக்கிறவன் மத்தியானத்துக்கு மேலதான் வருவான். தவசிலிங்கத்தை உள்ள விடுறேன்னு நீங்களும் சொல்றீங்க, அந்த மாட்டு டாக்டர் சொல்லிக் கொடுத்தானா? அதெல்லாம் ஆகாது.

ஆனா ஒண்ணு கேக்கிறேன். நான் இப்பவே அணைச்சுட்டேன்னு வையுங்க. உங்க காரியம் ஆயிரும். உங்க வண்டி திரும்பிரும். நீங்க காரேறிப் போயிருவீங்க. என் கையில என்ன இருக்கும்? ஒரு வேளை அது திரும்பலைன்னு வையுங்க. பெட்டியும் அணைஞ்சு, விளக்கும் எரியாம, அத்தனை சனத்துக்கும் முன்னாடி நான் வெறுங்கையோட நிக்கணும். மண்டியில முதல் நாளே ஒருத்தன் மூட்டையை இறக்கச் சொல்லிட்டுக் கூலி கொடுக்காமக் கண்ணுல படாமப் போனான் சார். அன்னிக்கு அழுதேன். அப்புறம் எவனுக்கும் நான் முதல்ல இறக்கினதில்ல.

என்ன? சரியாத்தான் சொல்றேன். விளக்கு எரியணும்னா வண்டி பேசணும், வண்டி பேசணும்னா பெட்டி அணையணும், அதானே? தெரியுது. நானும் ரொம்ப நேரமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். யாராவது ஒருத்தர் முதல்ல இறங்கணும். பெரிய கம்பெனி நீங்க. நிலாவுக்கே வண்டி விட்டவங்க. நீங்க இறங்கக் கூடாதா?

எந்திரிக்காதீங்க. ஜெசிந்தா சுவர்கிட்ட நின்னு கையைக் காட்டுது, பாத்துட்டேன். என் மகளும் காட்டுறா. காட்டட்டும். நிலா வேலி மரத்துக்குள்ள இறங்கிருச்சு, அதுவும் தெரியுது. கத்தாதீங்க சார், எனக்குக் கத்தத் தெரியாதா?

நியாயமா ஒரு பேச்சு. முதல்ல நீங்க விளக்கை எரிய வைங்க. என் மக கழுத்துல தாலி ஏறட்டும். ஏறின மறுநிமிஷம் நானே என் கையால அந்தப் பெட்டியைப் பிடுங்கி உங்க கார்ல ஏத்தி விடுறேன், கொண்டு போங்க. அதுக்கப்புறம் உங்க வண்டிகிட்ட எவ்வளவு நேரம் வேணாலும் பேசுங்க, ஒரு சத்தம் வராது, நான் பொறுப்பு. ஆனா முதல்ல விளக்கு. தப்பு பண்ணினது நீங்க, சரி பண்ண வேண்டியதும் நீங்க. விளக்கைப் போடுங்க சார். போடுங்க!